பன்னிரண்டாவது நடை

சேரன்மாதேவியில் செக்கிங் ஏறினார்.
"எத்தனை பேருவே?"
"எண்ணலைங்கய்யா."
சீட்டு முப்பத்திரண்டு. உள்ளே அறுபத்தொன்று,
பத்தமடைப் பாய்க்கட்டு நாலு,
யார் மடியிலோ ஒரு கிடாக்குட்டி.

ஆவுடையப்பன் நல்ல மனுஷன்தான்.
பென்சிலை நாக்கில் தொட்டு எழுதும்போது மட்டும்
முகத்தைப் பார்க்க மாட்டார்.
இந்த மாசத்தில் மூன்றாவது மெமோ.
"மைதீன் பிச்சை,
ஆளை விட்டுட்டு வரவே தெரியாதாவே உமக்கு?"

தெரியும்.
அது ஒன்றுதான் நன்றாகத் தெரியும்.

சிந்துவின் ஆற்றங்கரையில் நான் ஆள் எண்ணினேன்.
ரங்கூன் மரக்கடையில் கணக்கு எழுதியவன்,
உரக்க எண்ண வரும் என்பதால்
தோணித்துறையில் நிறுத்திவிட்டார்கள்.
படகுக்கு நாற்பது.
நாற்பதுக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவே
என் கை.
அன்றைக்குப் பதினோரு நடை.
பெருக்கிப் பார்த்து
என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறவர்கள் உண்டு.

போன வருஷம் கடையநல்லூரில் ஒரு நிக்காஹ்.
மாப்பிள்ளைக்கு அத்தா, ஐந்தாம் நடையில் ஏறியவர்,
முதல் சஹனில் என்னை உட்காரவைத்து
எல்லோர் காதிலும் விழச் சொன்னார்:
"இவுக இல்லைன்னா இந்தப் பந்தியே இல்லை."
பந்தியைப் பார்த்தேன்.
சஹனுக்கு நாலு பேர், வரிசைக்குப் பத்துச் சஹன்.
ஒரு படகு.
சோற்றைப் பிசைந்தபடியே விட்டுவிட்டுக்
கைகழுவ எழுந்துபோனேன்.

நாற்பத்தொன்றாவதாக நின்றவள்
நான் எண்ணிய ராகத்திலேயே ஊரைக் கண்டுபிடித்தாள்.
"அண்ணாச்சி திருநவேலிப் பக்கமா?
நமக்கு வீரவநல்லூரு."
இடுப்பில் பிள்ளை.
தலையில், காலும் பலகையும் கழற்றிய
தையல் மிஷின்.
அதைச் சுமந்து அவ்வளவு காடும் எப்படி நடந்தாளோ,
சட்டென்று இறக்கி மணலில் வைத்தாள்,
பாரம் குறைந்தால் ஏற்றுவேன் என்று.
"அடுத்த நடை" என்றேன்.
பொய் இல்லை அது. அப்போது பொய் இல்லை.
"சரி அண்ணாச்சி" என்று
மிஷின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்,
ஒரு பஸ் போய்விட்டால்
அடுத்ததற்கு உட்காருவோமே, அப்படி.

நாங்கள் இந்தப் பக்கம் இறங்கியதும் உத்தரவு வந்தது.
ஜப்பான்காரன் கையில் படகு சிக்கக் கூடாது.
மண்ணெண்ணெய் டின்னை
ஒருத்தன் கையில் கொடுத்தார்கள்.
ஒருத்தன் என்றுதான்
பத்து வருஷமாய்ச் சொல்லிவருகிறேன்.
டின்னின் பிடிக்குக் கீழே ஒரு நெளிவு இருந்தது,
கட்டைவிரல் போய் உட்காருகிற மாதிரி.
பார்த்தவனுக்கு அது தெரிந்திருக்காது.

தீ உயர்ந்தபோது
எதிர்க்கரையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.
வெளிச்சம் நன்றாகவே இருந்தது.
எண்ணுவது என் வேலை.
எண்ணவில்லை.

தினமும் நாலு தரம் வீரவநல்லூர்.
ரெண்டு நிமிஷம் என்று டைம் ஷீட்டில் இருக்கும்,
அஞ்சாறு ஆகும். டிரைவர் பூதத்தான்
எஞ்சினை அணைக்காமல் பீடி பற்றவைத்துக்கொள்வார்,
ஏன் என்று கேட்டதில்லை.
ஒருநாளும் நான் அங்கே கீழே இறங்கியதில்லை.
உங்க தெருவில் பர்மா போன பெண் உண்டா,
தையல் தெரிந்தவள், கைப்பிள்ளைக்காரி,
என்று வாய்வரை வரும்.
கேட்டால் யாராவது சொல்லிவிடுவார்கள்.
வந்துசேர்ந்துவிட்டாள் என்றுகூடச் சொல்லிவிடலாம்.
அதற்கப்புறம் எந்த முகத்தோடு
இந்த ரூட்டில் சீட்டுக் கிழிக்க?

இதோ, தறிக்காரர் தெருவிலிருந்து
சேலைப் பொதியோடு ஒரு ஆள் ஓடிவருகிறார்.
கையை ஆட்டுகிறார், ஒரு செருப்பு கழன்று பின்னால் கிடக்கிறது.
"போதும்வே, ரைட் குடும்" என்கிறார் ஆவுடையப்பன்.
பென்சில் மறுபடி நாக்குக்குப் போகிறது.
மணிக்கயிறு என் கையில்.
படியில் இன்னும் ஒரு கால் வைக்க இடம் இருக்கிறது,
என் கால் இருக்கிற இடம்.